இடது இறக்கை, அடிப்பக்கம்

மூன்று லாரிகளில் வந்து இறங்கியது டக்கோட்டா.
ஒன்றில் உடல், ஒன்றில் இறக்கைகள்,
மூன்றாவதில் வாலும் நானும்
ரிவெட் பெட்டியும் பராமரிப்பு நோட்டும்.
அது பறந்து நாற்பத்தோரு வருஷம்.
நடித்தது பதினேழு படம்.

வலிநோக்கம் கரையில் கப்பல் உடைத்துப் பழகிய ஜகுபர்
சுற்றி வந்து வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.
"எத்தன டன்னு?"
சொன்னேன்.
"ரெண்டு நாள் வேலை" என்றார்,
மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிற தரகர் முகத்தோடு.
பிறகு டீ வாங்கிக் கொடுத்தார்.

கலை இயக்குநரின் பையன்கள் பகலெல்லாம் துரு பூசினார்கள்:
செங்காவி, காப்பித்தூள், கொஞ்சம் பசை.
அலுமினியம் துருப்பிடிக்காது தம்பி,
வெள்ளையாய்ப் பூக்கும் என்று சொல்லிப் பார்த்தேன்.
"சனங்களுக்குத் துருன்னா செவப்பு சார்."
சரிதான்.

ராத்திரி கழுவுவது என் வேலை.
அவர்கள் பூசியதை விட்டுவிட்டு
காற்று பூசியதை மட்டும்.
மூன்று பக்கம் உப்பளம், நாலாவது பக்கம் கடல்,
கச்சான் அடிக்கிற மாசம்.
எந்த ரிவெட்டை நாக்கால் தொட்டாலும் கரித்தது.
தினம் ஒரு டேங்கர் நல்ல தண்ணீர் வேண்டுமென்று
ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தேன்;
அதில் எனக்குப் பெருமை.

கோட்டைச்சாமி டேங்கரைப் பின்னால் எடுத்து நிறுத்திய
முதல் ராத்திரி
இறக்கைக்குக் கீழே பதினோரு குடங்கள்.
யார் வைத்தது என்று தெரியவில்லை.
மறுநாள் இருபத்தாறு.
மூன்றாம் நாள் குடங்களுக்குப் பக்கத்தில் ஆட்களும்.

"நீங்க மேல ஊத்துங்க, நாங்க கீழ பிடிச்சுக்கிறோம்"
என்றாள் செய்யதம்மாள்.
எண்ணெய் இருக்கும், சாயம் இருக்கும், குடிக்காதீங்க என்றேன்.
"குடிக்கவா? துணி அலச.
குடிக்கிறது குடம் பன்னெண்டு ரூவா.
அத வாங்கியா சேலை அலசுவோம்?"

பைப்பை மெதுவாகப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன்.
ஃபிளாப்பைக் கொஞ்சம் தாழ்த்தினால்
சிதறாமல் ஒரே தாரையாய் விழும்.
பறக்கிற காலத்தில்
தரை தெரிந்ததும் அதைத் தாழ்த்தியிருப்பார்கள்.

பகலில் புரொப்பெல்லரைச் சுற்றியது
ஒரு மாவு மில் மோட்டார்.
சன்னலில் கதாநாயகன் அழுதான், புகை மேகமானது,
கிரேன் கேமராவைச் சாய்க்க
மானிட்டரில் கடல் சரிந்தது.
"தூக்கிருச்சு!" என்று கத்தினார்கள் வேலியோரம் நின்றவர்கள்.
பதினேழு படம் பார்த்த நானும்
எதையோ இறுகப் பிடித்துக்கொண்டேன்.

எரிகிற காட்சிக்குப் பிளைவுட்டில் நகல்.
அதன் எலும்புக்கூட்டை வெல்டு வைத்தது ஜகுபர்.
"உடைச்ச கையி. மொத மொத ஒண்ண ஒட்ட வச்சிருக்கேன்"
என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.
நாலு நிமிஷத்தில் எரிந்து முடிந்தது.
கைதட்டும்போது ஆளைக் காணோம்.
நிஜ விமானத்தின் மறுபக்கம்
சக்கரத்தில் சாய்ந்து பீடி பற்றவைக்க
தீக்குச்சி தேடிக்கொண்டிருந்தார்.

கடைசி டேங்கர் அன்று ராத்திரி.
படம் முடிந்த சேதி ஊருக்குள் போயிருந்தது.
நாற்பதுக்கு மேல் குடம், அண்டா, பெயிண்ட் வாளி,
குழந்தையைக் குளிப்பாட்டுகிற ஒரு நீல பேசின்.
ஏணியில் பாதி ஏறினேன்.
வால்வில் கை வைத்தபடி
கோட்டைச்சாமி என்னையே பார்த்தார்.
இறங்கிவிட்டேன்.
பைப்பை நேராக முதல் குடத்துக்குள் விட்டேன்.
செய்யதம்மாள் ஒரு கை அள்ளி
வாயில் வைத்துப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல்
அடுத்தவளுக்கு இடம் விட்டு நகர்ந்தாள்.

இப்போது ஹேங்கரில் நிற்கிறது. கூரை உண்டு, கடல் இல்லை.
தேய்த்தால் அரை மணி நேரத்தில் போய்விடும்தான்.
நோட்டில் எழுதியிருக்கிறேன்:

இடது இறக்கை, அடிப்பக்கம், ஏழாவது விலாவை ஒட்டி
வெள்ளைப் பூப்பு, உள்ளங்கை அளவு.
காரணம்: வலிநோக்கம். ஒரு ராத்திரி கழுவவில்லை.
நடவடிக்கை:

ஆறு மாசமாக அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது.